அன்ரன் அண்ணன் மணலில் புதைத்த சாடிகள்

செய்தி வந்தபோது நான் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு வயதுக்காரன் ஒருவன் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று செய்யக்கூடிய காரியங்களில் இது அவ்வளவு கௌரவமானதல்ல. இடது பக்கம் கறுத்துவிட்டது. வலது பக்கம் இன்னும் நரையாகவே கிடந்தது. தொலைபேசியில் பழைய பாடசாலை நண்பர், "லாப் அன்ரன் போயிற்றார்" என்றார். நான் "ஐயோ" என்றேன். அழவும் வந்தது. ஆனால் மை காய்ந்துவிடுமே. மற்றப் பாதியையும் பூசி முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. தூரிகையைப் பிடித்தபடி நின்ற அந்த இடைவெளியில் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, ஆறுதல். இனி அவரிடம் அதைச் சொல்லவேண்டியதில்லை என்ற ஆறுதல். யுத்த காலத்தில் அன்ரன் அண்ணனை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் ஒன்பது மாதம் முகாமில் வைத்திருந்தது, இந்த அஞ்சலியை வாசிக்கிற, அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குக் காரணம் பத்திரிகையில் நான் எழுதிய ஒரு பகிடி என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைப்பேன், பிறகு வேறு கதை பேசிவிட்டு வந்துவிடுவேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். செத்தவர் கேட்கமாட்டார் என்ற துணிவில் சொல்கிறேன்.

அவரைத் தெரியாத இளையவர்களுக்காகச் சிறு அறிமுகம். அன்ரன் செபமாலை எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். நான் அங்கே தமிழ் ஆசிரியன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னைச் 'சேர்' என்றே கூப்பிடுவார். நான் 'அன்ரன் அண்ணன்' என்பேன். மெலிந்த மனிதர், பெரிய மூக்கு. எதையும் அளக்காமல் செய்யமாட்டார். ஆசிரியர் அறைக்குத் தேநீர் போட்டால்கூடப் பாலைக் குழாயால் சொட்டுச் சொட்டாக விடுவார். குடிக்கும்போது எங்களுக்கு ஏதோ பரிசோதனைக்கு உட்பட்டதுபோல இருக்கும். ஆனால் அதுபோலத் தேநீர் நான் பிறகு குடித்ததில்லை.

அவர் வைன் செய்யத் தொடங்கியது பக்தியால்தான், குடியால் அல்ல. கத்தோலிக்கக் கோயில் பூசைக்கான வைன் போத்தல் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். வழியிலுள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் 'இது என்ன' என்று திறந்து பார்ப்பார்கள். பார்த்தால் மட்டும் போதாதே, மணந்து, ருசித்தும் பார்ப்பார்கள். மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது போத்தலில் கால்வாசி இருக்கும். ஒருமுறை வெறும் போத்தலே வந்தது, மூடி மட்டும் ஒழுங்காக இறுக்கப்பட்டிருந்தது. பங்குச் சுவாமி நொந்துபோனார். பூசைக்குரிய வைன் முந்திரிகையில், அதாவது திராட்சையில் மட்டும் செய்ததாக இருக்கவேண்டும், வேறொன்றும் கலக்கக்கூடாது என்பது சட்டம். எங்கள் மண்ணில் முந்திரிகைத் தோட்டத்துக்கு எங்கே போவது? அன்ரன் அண்ணன்தான் கேட்டார்: "முந்திரிகை வத்தலும் முந்திரிகைதானே சுவாமி?" சுவாமி மேலிடத்தில் விசாரித்தார். ஓம், ஆகும் என்று பதில் வந்தது.

அவருடைய வளவு ஆற்றங்கரையில் முடியும். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வந்த பெரிய கண்ணாடிச் சாடிகள் மூன்றை, அதிபரின் வாய்மொழி அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்துத் தரம் கழுவினார். எங்கள் ஊர் வெக்கையில் வைன் இரண்டு நாளில் வினாகிரி ஆகிவிடும். ஆகையால் சாடிகளைக் கழுத்துவரை ஈர மணலில் புதைத்தார். மூடியில் துளை போட்டு, அதிலிருந்து கறுத்த இறப்பர் ரியூப் ஒன்றை வெளியே எடுத்து, அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார். உள்ளே புளிக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து மட்டக்களப்பில், கரையைத் தோண்டி, உருண்டையான ஒன்றைப் புதைத்து, அதிலிருந்து கறுத்த ரியூபை வெளியே விட்ட மனிதர்களில் வைனுக்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வேறு காரணத்துக்காகச் செய்தார்கள்.

அவர் மனைவி றீற்றா அக்கா, "எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, இவர் மூண்டு சாடியை வளக்கார்" என்பார். நடுச்சாடி கோயிலுக்குரியது, முந்திரிகை வத்தல். வலதில் நாவற்பழம். இடதில் கஜுப்பழம். பின்னிரண்டும் என்னைப்போன்ற பாவிகளுக்கு. நான் சைவக் குடும்பத்தவன். ஆனாலும் தவக்காலம் எப்போது தொடங்குகிறது, எந்தச் சாடி எப்போது திறக்கப்படும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இனி என் வாய்க்கொழுப்பு. பாடசாலை முடிந்த பிறகு நான் ஒரு நிவாரண நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாகவும் ஓடித்திரிந்தேன். அங்கே பியேர் என்றொரு வெள்ளைக்காரர். அவருடைய ஊரில் ஏரிக்கரை நெடுக வைன் தோட்டங்களாம். ஞாயிறு பின்னேரங்களில் ஆட்கள் குடும்பமாகப் போய், ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு மிடறு ருசி பார்த்துவிட்டு வருவார்களாம். அகதி முகாமுக்கு அரிசி இறக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் கண் கலங்க இதைச் சொன்னார். எனக்கு எங்கிருந்தோ ஒரு தேசப்பற்று வந்தது. எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏரிக்கரையிலா என்று கேட்டார். ஏரிக்கரையிலேதான் என்றேன். எத்தனை ஏக்கர் என்று கேட்டபோது, எனக்கு ஆங்கிலம் திடீரென்று மறந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு நிறுவனத்தின் வெள்ளை ஜீப் கொடியோடு வந்து அன்ரன் அண்ணனின் படலையில் நின்றது. ஊர் முழுவதும் வேலிக்கு மேலால் பார்த்தது. சுவாமியும் வந்திருந்தார், பூசை வைனைப் பரிசோதிக்கத்தான் வந்ததாகச் சொன்னார். அன்ரன் அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட்டில் நின்றார். மணலைக் கையால் விலக்கி, சாடிகளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி எடுத்தார். கிளாஸ் இல்லை. ஆய்வுகூடப் பீக்கர்களைக் கழுவி அடுக்கியிருந்தார். ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து மில்லிலீற்றர், கோட்டுக்கு மயிரளவு கூடாது, குறையாது. நான் பீக்கரைக் கையில் வாங்கியதும் வாயில் கவிழ்த்தேன். "சேர், நாக்கு அவசரக்காரன்" என்றார் அன்ரன் அண்ணன். "அவன் சொல்லுறதைக் கேட்டுத் தீர்ப்பெழுதக்குடா. மூக்குத்தான் நீதவான். முதல் அவருக்கிட்ட காட்டுங்க."

பியேர் ஒழுங்குமுறைப்படி பீக்கரைச் சுழற்றினார், மணந்தார், உறிஞ்சினார், வாய்க்குள் அலசினார், பக்கத்து வாளிக்குள் துப்பினார். அந்த நேரம் பார்த்து இறால் பொரியலோடு வந்த றீற்றா அக்கா அதைக் கண்டுவிட்டார். தட்டை வைத்தார். குசினிக்குள் போய்விட்டார். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரர் கொடுத்ததைத் துப்புவதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் பக்கம் கிடையாது. அவர்களுடைய ஊரில் அதுதான் மரியாதையாம் என்று நான் உள்ளே போய் விளக்கினேன். "அப்ப சோத்தையும் துப்புவானுகளா?" என்று கேட்டார். திரும்பி வந்து, பியேரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாவம், நல்ல மனிதர். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் துப்பவில்லை. போகும்போது சாரதியும் நானும்தான் அவரை ஜீப்புக்குள் ஏற்றவேண்டியிருந்தது. சுவாமி தொடக்கத்திலிருந்தே துப்பவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாவற்பழ வைனை மணந்து, இதில் ஈர மண்ணும் பழைய தோலும் மணக்கின்றன என்று பியேர் சொன்னார். மொழிபெயர்த்தேன். அன்ரன் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. அது பாராட்டு, அவர்கள் ஊரில் பழைய சப்பாத்து மணந்தால்தான் திறம் என்று சொன்னேன். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது: "அப்ப இவர்ர செருப்பையும் அதுக்குள்ள ஊறப்போட்டிரிக்கலாமே."

ஆற்றுக்கு அப்பால் படுவான்கரை. அது இயக்கத்தின் பக்கம். நாங்கள் இருந்த எழுவான்கரை இராணுவத்தின் பக்கம். ருசி பார்த்துக்கொண்டிருக்கையில் அக்கரையில் இரண்டு செல் விழுந்து வெடித்தது. பியேர் பீக்கரோடு நிலத்தில் குந்திவிட்டார். "அது தூரம். இறால் ஆறுது, தின்னுங்க" என்றார் றீற்றா அக்கா. பாலத்தடிச் சென்றியில் ஒரு சிப்பாய் தொலைநோக்கியால் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்ரன் அண்ணன் அவனை நோக்கிப் பீக்கரை உயர்த்திக் காட்டினார். "அவனும் ஆரோ பெத்த புள்ளதானே. வெயிலுக்க நிக்கான்" என்றார்.

கடைசியாக நடுச்சாடி. பியேர் மணந்தார், குடித்தார், பீக்கரின் அடியில் மிஞ்சியதையும் வடித்துக் குடித்தார். பிறகு, இதை என் அம்மாவுக்குக் கொடுப்பேன் என்றார். அன்ரன் அண்ணன் என்னை அந்த வசனத்தை இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னார். மூன்றாம் தரம் றீற்றா அக்காவைக் கூப்பிட்டு, அவருக்குக் கேட்கச் சொல்லச் சொன்னார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

இப்படி ஒரு பின்னேரம் கிடைத்தால் பகிடி எழுதுகிறவன் சும்மா இருப்பானா? அப்போது எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் நான் ஒரு பத்தி எழுதிவந்தேன். 'ஆற்றங்கரை வைன் மாளிகை' என்று தலைப்பிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். அன்ரன் என்ற பெயரை அந்தோனி என்று மாற்றினேன். அதுதான் என் முன்னெச்சரிக்கையின் அளவு. அதில் ஒரு வரி: 'அந்தோனி மணலுக்குள் புதைத்து வைத்திருப்பது ஒருநாள் வெடிக்குமானால், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவரும் நேராக நடக்கமாட்டார்கள்.' எழுதி முடித்துவிட்டு நானே வாசித்து நானே சிரித்தேன்.

பெரிய வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறுக்கு ஐந்து நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுற்றிவளைப்பு நடந்தது. நேரே அன்ரன் அண்ணனின் வளவுக்குத்தான் போனார்கள். கம்பியால் மணலைக் குத்திக் குத்தி வந்து, ரியூபைக் கண்டதும் எல்லாரும் குப்புறப் படுத்தார்களாம். பிறகு அவரையே தோண்டச் சொல்லி, தாங்கள் தூரத்தில் நின்றுகொண்டார்கள். அவர் தோண்டி எடுத்துக் கொடுத்தார். வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் துவக்குப் பிடியால் நடுச்சாடியை உடைத்தார்கள். உயிர்த்த ஞாயிறு பூசைக்கான வைன் மணலுக்குள் போயிற்று. மற்ற இரண்டையும் உடைக்கவில்லை, லொறியில் ஏற்றினார்கள். அவரையும் ஏற்றினார்கள்.

புதன்கிழமை ஓர் அதிகாரி பாடசாலைக்கு வந்தார். ஆய்வுகூட முத்திரை பதித்த சாடிகள் இவன் வளவில் எப்படி வந்தன, பாடசாலைதான் கொடுத்ததா என்பது அவருடைய கேள்வி. ஓம், கொடுத்தோம், வைன் செய்யக் கொடுத்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதிபர், அந்தச் சாடிகள் எங்கள் அறிவுக்கு எட்டாமல் எடுத்துச் செல்லப்பட்டவை என்று கடிதம் எழுதினார். ஆசிரியர்கள் ஒன்பது பேர் கீழே கையெழுத்திட்டோம். இதை வாசிக்கிற உங்களில் நாலைந்து பேருக்கு அந்தக் கடிதம் நினைவிருக்கும். மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றதும் நினைவிருக்கும். என்னுடையது மூன்றாவது கையெழுத்து. எனக்கொரு நியாயம் இருந்தது. என் பத்தியை அவர்கள் வாசித்துவிட்டார்கள், அதை வைத்துத்தான் அவரைப் பிடித்தார்கள், அடுத்த லொறி எனக்கு என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பயந்த கைக்குப் பேனை கிடைத்தால் கையெழுத்திடும்.

ஒன்பது மாதம் கழித்து, சுவாமி ஏறி இறங்காத படி இல்லை என்ற நிலையில், விட்டார்கள். நான் மூன்றாம் நாள்தான் பார்க்கப் போனேன். அவர் கட்டிலில் இருந்தார். அந்தப் பெரிய மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்கட கையெழுத்து நல்ல வடிவு சேர்" என்றார். கடிதத்தை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தேநீர் றீற்றா அக்கா போட்டது. அளவில்லாமல் இனித்தது.

அதன் பிறகு அவர் எதையும் மணக்கவில்லை. மூக்கில் பட்ட அடியோடு மணம் போய்விட்டது. "கோர்ட்டில நீதவான் இல்ல சேர், மாற்றலாகிப் போயிற்றார்" என்பார். ஆனாலும் அடுத்த தவக்காலத்துக்கே வாளி ஒன்றில் வத்தலை ஊறப்போட்டார். இம்முறை மணலில் புதைக்கவில்லை. குசினி மூலையில் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தார். றீற்றா அக்கா மணந்து பார்த்து 'இன்னும் ரெண்டு நாள்' என்றால் விடுவார், 'போதும்' என்றால் வடிப்பார். கோயிலில் அந்த வைன் பதினொரு வருடம் பாவிக்கப்பட்டது. பாதை திறந்ததும் கொழும்புப் போத்தல் நிறைந்தபடியே வரத் தொடங்கியது. புதிய சுவாமி இவரிடம் இனி வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, கேட்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் பாடசாலையும் இவரைத் திரும்ப எடுக்கவில்லை. வேறொரு சிறிய பாடசாலையில், ஆய்வுகூடமே இல்லாத இடத்தில், ஆய்வுகூட உதவியாளராக ஓய்வு பெற்றார்.

ஒரே ஒரு தடவை சொல்லத் துணிந்தேன். ஆற்றங்கரையில் இருவரும் இருந்தோம். "அன்ரன் அண்ணன், உங்களை அவங்க பிடிச்சதுக்கு..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மறுகா கதைப்பம் சேர்" என்றார். அந்த 'மறுகா' வரவேயில்லை. நானும் நினைவூட்டவில்லை.

செத்த வீட்டில் மீசை பளபளக்க நின்ற ஒரே கிழவன் நான். சவம் போனபின், பின்வளவில் றீற்றா அக்காவிடம் சொல்லிவிட்டேன். என் பத்தியால்தான் அண்ணனைக் கொண்டுபோனார்கள் என்று சொன்னேன். அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை.

"அந்தப் பேப்பரா? என்னட்ட இரிக்கி" என்றார். "அவர்தான் முகாமால வந்து வெட்டி வைச்சவர். ஆக்கள் வந்தா வாசிக்கச் சொல்லுவார்."

சிரிப்பாரா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குள் இருந்த எழுத்தாளன் என்னை விடவில்லை.

"ஒரு இடத்தில மட்டும் சிரிப்பார். வெடிக்கும் எண்டு எழுதியிரிக்கீங்களே, அதில. மத்த இடத்தில உங்கட பேரைத்தான் பார்த்துக்கிட்டு இரிப்பார்."

உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். இனி இது எங்களுக்கு என்னத்துக்கு, நீங்களே வைச்சிரிங்க என்றார். அன்ரன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்: மஞ்சளாகிப்போன ஒரு பத்திரிகைத் துண்டு, எந்தப் பானத்தையும் முதலில் மணந்து பார்க்கும் பழக்கம், கையெழுத்திடும்போதெல்லாம் விரலில் வரும் ஒரு கூச்சம்.

நேற்று இதை எழுதுவதற்காக அந்தத் துண்டை விரித்துப் பார்த்தேன். மேல் மூலையில் 'குருத்தோலை ஞாயிறு சிறப்பிதழ்' என்று அச்சிட்டிருக்கிறது. அவரைப் பிடித்தது அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை. ஞாயிறு இதழுக்கான பத்தியை நான் எந்த வாரமும் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். புதன்கிழமை நான் கையெழுத்திட்டபோது அந்தப் பத்தி இன்னும் என் மேசையில்தான் கிடந்திருக்கிறது.